வினையூக்கி மாறாமலா இருக்கிறது?

(பத்தாம் வகுப்பு மாணவி)



"வினையூக்கி என்றால் என்ன?" என்று நம்மை நள்ளிரவில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் விடை சொல்லிவிடுவோம். "ஒரு வேதிவினையின் வேகத்தை மாற்றி, தான் எவ்வித மாற்றமும் அடையாத பொருள் வினையூக்கி எனப்படும்." இதை ஒப்பித்து இரண்டு மதிப்பெண் வாங்காதவர் நம் வகுப்பில் இல்லை. நானும் அப்படி வாங்கியவள்தான். ஆனால் "எவ்வித மாற்றமும் அடையாத" என்ற சொற்கள் சென்ற காலாண்டு விடுமுறையில் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமன்று. அந்தக் கதையோடுதான் இப்பாடத்தைத் தொடங்க வேண்டும்.

ஒர்க்ஷாப்பில் கண்ட பெட்டி

என் மாமா கார் பழுது பார்க்கும் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். விடுமுறையில் ஒரு நாள் அத்தை கட்டிக் கொடுத்த மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே சென்றேன். ஒரு பழைய காரின் அடியிலிருந்து கழற்றிய துருப்பிடித்த இரும்புப் பெட்டி ஒன்று மேசைமேல் கிடந்தது. அதன் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு போல எண்ணற்ற சிறு துளைகள்!

"இது என்ன மாமா?"

"புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் கண்ணு. உள்ளே பிளாட்டினம் இருக்கு. விலை ஜாஸ்தி."

"அப்போ ஏன் கழட்டிட்டீங்க?"

"புகைப் பரிசோதனையில வண்டி தேறல. இது செத்துப் போச்சு."

"பிளாட்டினம் தீர்ந்து போச்சா?"

"பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். அதுக்காகத்தானே பழசை வாங்கிட்டுப் போய்ப் பிரிச்சு எடுக்கறாங்க. இருக்கு, ஆனா வேலை செய்யல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

எனக்குத் திகைப்பாக இருந்தது. மாற்றமே அடையாத பொருள் எப்படிச் சாகும்? பிளாட்டினமும் அங்கேயே இருக்கிறது, புகையும் வருகிறது. பின் ஏன் வேலை நடக்கவில்லை? பள்ளி திறந்ததும் இக்கேள்வியை எங்கள் வேதியியல் ஆசிரியையிடம் கேட்டேன். அவர்கள் சற்று யோசித்துவிட்டு, "நல்ல கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் மறந்துவிடுவாய். நான் தரும் புத்தகங்களைப் படித்து நீயே எழுதிக்கொண்டு வா" என்றார்கள். அப்படிப் படித்து, பலமுறை அவர்களிடம் திருத்தம் பெற்று எழுதியதே இக்கட்டுரை.

புத்தகம் பொய் சொல்லவில்லை

முதலில் நம் பாடப்புத்தகத்துக்கு நியாயம் வழங்கிவிடுவோம். ஹைட்ரஜன் பெராக்ஸைடில் சிறிது மாங்கனீசு டையாக்ஸைடு தூளை இட்டால் குபுகுபுவென்று ஆக்ஸிஜன் வெளிப்படுவதை ஆய்வகத்தில் கண்டோம். வினை முடிந்தபின் கறுப்புத் தூளை வடிகட்டி, உலர்த்தி, நிறுத்தால் முதலில் இட்ட எடையே இருக்கும். இதைத்தான் புத்தகம் "மாறவில்லை" என்கிறது. அதாவது, வினையின் தொடக்கத்திலும் முடிவிலும் வினையூக்கியின் எடையும் வேதி இயைபும் ஒன்றே.

ஆனால் உருவம் மாறலாம். பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கி ஆக்ஸிஜன் தயாரிக்கும்போது மாங்கனீசு டையாக்ஸைடைப் பருமணிகளாக இட்டால், வினை முடிவில் அது பொடியாகிக் கிடக்கும். எடை அதேதான், உருவம் அதுவன்று.

தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பார்ப்பதில் ஒரு குறை இருக்கிறது. காலையில் வேலைக்குப் புறப்படும் அப்பாவை வாசலில் பார்க்கிறோம். மாலையில் திரும்பி வரும்போதும் வாசலில் பார்க்கிறோம். அதை வைத்து, "அப்பா நாள் முழுவதும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்" என்று சொல்லலாமா? நடுவில் அவர் எங்கெல்லாம் சென்றார், எவ்வளவு களைத்தார் என்பது வேலை செய்யும் இடத்தில் போய்ப் பார்த்தால்தானே தெரியும்! வினையூக்கியின் கதையும் இதுதான்.

உலோகப் பரப்பில் நடப்பது என்ன?

1823-ஆம் ஆண்டு, ஜெர்மனியில் ஜீனா நகரில் டாபரீனர் என்னும் விஞ்ஞானி ஒரு வியத்தகு காட்சியைக் கண்டார். (தனிமங்களின் மும்மை விதியில் நாம் படிக்கும் அதே டாபரீனர்தான்.) பஞ்சு போன்ற நுண்துளைப் பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜன் வாயுவைக் காற்றில் பீய்ச்சியபோது, தீக்குச்சி இல்லாமலே அது பற்றிக்கொண்டது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பொதுவான பெயராக வினையூக்கம் என்னும் பொருள்படும் சொல்லை 1835-இல் வழங்கியவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ் ஆவார்.

பிளாட்டினம் செய்யும் வேலையை எளிமையாகச் சொல்கிறேன். கார்ப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு உண்டு. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு இறுகப் பிணைந்து, ஆக்ஸிஜனுக்கு இடமில்லாமல் செய்யும் கொடிய வாயு இது. இதன் மூலக்கூறு பிளாட்டினப் பரப்பில் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆக்ஸிஜன் மூலக்கூறும் அங்கே வந்து இரண்டு அணுக்களாகப் பிரிந்து உட்காருகிறது. பக்கத்து இருக்கைகளில் அமர்ந்த இவை இணைந்து கார்பன் டையாக்ஸைடாகிப் பறந்துவிடுகின்றன. இருக்கை காலியாகிறது, அடுத்த மூலக்கூறு வந்து அமர்கிறது. இவ்வாறு திண்மப் பரப்பில் நடக்கும் வினைகளை நுட்பமாக ஆராய்ந்ததற்காகவே ஜெர்மானிய விஞ்ஞானி கெர்ஹார்ட் எர்ட்டில் 2007-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலை நடப்பது பரப்பில் மட்டுமே. உலோகக் கட்டியின் உள்ளே புதைந்து கிடக்கும் அணுக்களுக்கு எந்த வேலையும் இல்லை.

ஒரு சிறு கணக்கு

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள 1,000 கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். இன்னும் வெட்டிக்கொண்டே போய், 10 நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக்கினால்? (ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர்கள் உண்டு.) விடை 600 சதுர மீட்டர்! கூடைப்பந்து ஆடுகளத்தின் அளவு 28-க்கு 15 மீட்டர், அதாவது 420 சதுர மீட்டர். சுண்டுவிரல் நுனியளவு உலோகத்தைப் பொடியாக்கினால் அதன் பரப்பு ஒரு கூடைப்பந்து ஆடுகளத்தையும் மிஞ்சிவிடுகிறது. தோழியர் கணக்கு நோட்டில் ஒரு முறை போட்டுச் சரிபார்த்துக்கொள்க.

பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகத்தை விஞ்ஞானிகள் ஏன் இவ்வளவு நுண்ணிய துகள்களாக்குகிறார்கள் என்பது இப்போது விளங்கும். ஒரு காருக்குச் சில கிராம் உலோகம் போதுமானதாக இருப்பது இதனால்தான்.

தாங்கி ஏன் வேண்டும்?

ஆனால் இந்த நுண்துகள்களை அப்படியே குவித்து வைக்க முடியாது. ரசத்தின்மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைப் பாருங்கள். இரண்டு துளிகள் அருகருகே வந்தால் சேர்ந்து ஒரே பெரிய துளியாகிவிடும். சூடேறிய உலோகத் துகள்களும் அப்படித்தான். அவை உருகாமலே ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கும். பரப்பு குறையும், வேலையும் குறையும்.

இதைத் தடுக்கத் துகள்களை ஓர் ஆக்ஸைடின்மேல் தள்ளித் தள்ளி உட்கார வைக்கிறார்கள். அந்த ஆக்ஸைடுக்குத் 'தாங்கி' என்று பெயர். அலுமினியம் ஆக்ஸைடு, சிலிகா, டைட்டானியம் டையாக்ஸைடு, சீரியம் ஆக்ஸைடு ஆகியவை பெயர்பெற்ற தாங்கிகள். மாமாவின் பெட்டியில் நான் கண்ட தேன்கூடு பொதுவாகக் கார்டியரைட் என்னும் வெப்பம் தாங்கும் பீங்கானால் செய்யப்படுவது. அதன் துளைச் சுவர்களில் நுண்துளைகள் மிகுந்த அலுமினியம் ஆக்ஸைடை மெல்லியதாகப் பூசுவர். அதன் ஒரு கிராமில் 100 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு உண்டு! அப்பூச்சின்மேல் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் நுண்துகள்கள் தூவினாற்போல் அமர்ந்திருக்கும். இவை கார்பன் மோனாக்ஸைடைக் கார்பன் டையாக்ஸைடாகவும், எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் ஆவியைக் கார்பன் டையாக்ஸைடும் நீராவியுமாகவும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளை நைட்ரஜனாகவும் மாற்றுகின்றன.

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து இப்பெட்டி பரவலாக வந்தது. நம் நாட்டில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

இதுவரை படித்தபோது, "தாங்கி என்பது துகள்கள் உட்காரும் பெஞ்சு, வேறொன்றும் இல்லை" என்றுதான் நானும் எண்ணினேன். ஆசிரியை சிரித்துக்கொண்டே, "மேலே படி" என்றார்கள்.

பெஞ்சு எழுந்து வந்த கதை

1978-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டாஸ்டர், ஃபங், கார்ட்டன் என்ற மூவர் ஒரு புதிரான ஆய்வு முடிவை வெளியிட்டனர். அவர்கள் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் முதலிய உலோகங்களை டைட்டானியம் டையாக்ஸைடின்மேல் துகள்களாக அமைத்தனர். ஹைட்ரஜன் வாயுவில் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியபோது, உலோகம் வழக்கம்போல் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்ஸைடையும் தன் பரப்பில் ஈர்த்துக்கொண்டது. ஆனால் 500 டிகிரி வரை சூடாக்கியபின், ஏறக்குறைய எதையுமே ஈர்க்கவில்லை!

"துகள்கள் சேர்ந்து பருத்திருக்கும்" என்றுதானே நமக்குத் தோன்றும்? அவர்களுக்கும் அச்சந்தேகம் இருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தனர். துகள்கள் பருக்கவில்லை. அதைவிட வியப்பு, ஆக்ஸிஜனில் சூடாக்கிவிட்டு மறுபடி குறைந்த வெப்பநிலையில் ஹைட்ரஜன் கொடுத்தால் பழைய ஈர்ப்பு திரும்ப வந்துவிட்டது. பருத்த துகள் இவ்வளவு எளிதில் பழையபடி சிறுத்துவிடாது அல்லவா? எனவே இது வேறு ஏதோ ஒன்று. உலோகத்துக்கும் தாங்கிக்கும் இடையே வலிமையான இடைவினை நிகழ்கிறது என்று அவர்கள் அறிவித்தனர்.

அந்த இடைவினை எத்தகையது என்பது அடுத்து வந்த ஆண்டுகளில் தெளிவாயிற்று. மிகுந்த வெப்பத்தில் ஹைட்ரஜன், டைட்டானியம் டையாக்ஸைடிலிருந்து சிறிதளவு ஆக்ஸிஜனைப் பறித்துக்கொள்கிறது. ஆக்ஸிஜன் குறைந்த அந்த ஆக்ஸைடு எளிதில் நகரும் தன்மை பெற்று, உலோகத் துகளின்மேல் மெல்ல ஏறி மூடிக்கொள்கிறது. காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஏடு படர்வதில்லையா? அதுபோல! உலோகம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆனால் வாயு மூலக்கூறுகள் வந்து அமர இருக்கை இல்லை. ஆக்ஸிஜனில் சூடாக்கிவிட்டு மறுபடி குறைந்த வெப்பநிலையில் ஹைட்ரஜன் கொடுத்தால் அந்த ஏடு விலகுகிறது.

இதைப் படித்தபோது மாமா சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. "இருக்கு, ஆனா வேலை செய்யல."

தங்கம் வேலைக்கு வந்த கதை

தாங்கி உலோகத்தை மூடி முடக்குவது மட்டுமன்று. சோம்பிக் கிடந்த உலோகத்தை எழுப்பியும் விடும். தங்கம் காற்றிலும் நீரிலும் கறுக்காது. அதனால்தான் பாட்டியின் நகை பேத்திக்கும் பளபளக்கிறது. எதனோடும் எளிதில் சேராத இந்த உலோகம் வினையூக்கியாகப் பயன்படாது என்பதே நெடுங்காலக் கருத்தாக இருந்தது.

1987-ஆம் ஆண்டு ஜப்பானில் மாசடாகே ஹருடா என்பவரும் அவரது குழுவினரும் இக்கருத்தை மாற்றினர். அவர்கள் சில நானோமீட்டர் அளவே உள்ள தங்கத் துகள்களை இரும்பு ஆக்ஸைடு, கோபால்ட் ஆக்ஸைடு போன்றவற்றின்மேல் அமைத்தனர். அத்தங்கம், பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரிக் குளிரிலும் கார்பன் மோனாக்ஸைடைக் கார்பன் டையாக்ஸைடாக மாற்றியது!

துகள் மிகச் சிறியதாக இருந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம் தாங்கி. தங்கத் துகளும் ஆக்ஸைடும் சந்திக்கும் விளிம்பு இருக்கிறதே, அங்கேதான் வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு தங்கத்தின்மேல் அமர, ஆக்ஸிஜன் ஆக்ஸைடின் ஓரத்தில் தயாராகிறது. அதே தங்கத்தைத் தகுந்த தாங்கியின்றிப் பெருங்கட்டியாக வைத்தால் இவ்வேலை நடவாது.

கைமாற்றுக் கொடுக்கும் சீரியம்

கார்ப் பெட்டியில் இன்னோர் உழைப்பாளி உண்டு. அது சீரியம் ஆக்ஸைடு. எஞ்சினிலிருந்து வரும் புகையில் ஆக்ஸிஜன் ஒரு கணம் அதிகமாக இருக்கும், மறுகணம் குறையும். அதிகமாக இருக்கும்போது சீரியம் ஆக்ஸைடு ஆக்ஸிஜனை வாங்கிச் சேமிக்கிறது. குறையும்போது தன்னிடமுள்ளதைப் பக்கத்திலுள்ள உலோகத்தின் வேலைக்குக் கொடுக்கிறது. வீட்டில் சர்க்கரை தீர்ந்தால் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் வாங்கி, ரேஷன் வந்ததும் திருப்பிக் கொடுக்கிறோமே, அதுபோல. சீரியம் அணு மூன்று, நான்கு என இரு இணைதிறன்களிலும் மாறி மாறி இருக்க வல்லது என்பதே இதன் இரகசியம்.

ஆக, தாங்கி வெறும் பெஞ்சு அன்று. அது தாங்குகிறது, சில வேளை மூடுகிறது, சில வேளை வினையில் கைகொடுக்கிறது.

வேலை நடக்கும்போதே பார்த்தால்?

இனி என் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உள்ளே வெற்றிடம் இருக்க வேண்டும். வாயு இருந்தால் எலக்ட்ரான் கற்றை சிதறிவிடும். ஆனால் வினையூக்கி வேலை செய்வது வாயுவில்! எனவே விஞ்ஞானிகள் நெடுங்காலம் வினைக்கு முன்னும் பின்னும் மட்டுமே துகள்களைப் பார்த்து வந்தனர். அப்பாவை வாசலில் மட்டும் பார்த்த கதைதான்.

பின்னர், எலக்ட்ரான்கள் ஊடுருவக்கூடிய மிக மெல்லிய சன்னல்கள் கொண்ட சிறு வாயு அறைகளைச் செய்தனர். அந்த அறைக்குள் வாயுவைச் செலுத்திச் சூடாக்கிக்கொண்டே நுண்ணோக்கியில் பார்க்க முடிந்தது.

2022-ஆம் ஆண்டு சூரிச், மியூனிக் நகரங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் டைட்டானியம் டையாக்ஸைடின்மேல் அமர்ந்த பிளாட்டினத் துகள்களை இவ்வாறு, ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்தில் பார்த்து எழுதினர். அவர்கள் கண்டதை வரிசையாகத் தருகிறேன்.

ஹைட்ரஜன் மட்டும் இருந்தபோது, முன்பு சொன்ன ஏடு துகளை மூடியது. துகள் அசையாமல் இருந்தது.

ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து இருந்தபோது, அதாவது உண்மையான வேதிவினை நடந்துகொண்டிருந்தபோது, ஏடு மறைந்தது. துகள்கள் உருமாறின. சில துகள்கள் தாங்கியின்மேல் ஊர்ந்து செல்லவும் தொடங்கின! துகளின் எந்தப் பக்கம் தாங்கியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் நடமாட்டம் அமைந்தது.

மறுபடி ஆக்ஸிஜன் மட்டும் இருக்கும்படி செய்தபோது, மூடிய நிலை திரும்பியது. துகள் மீண்டும் அசையாமல் நின்றது.

காரணம் இதுவே: துகளுக்கு அடியில் ஹைட்ரஜன் ஆக்ஸிஜனைப் பறிக்கிறது, வெளியிலிருந்து வரும் ஆக்ஸிஜன் அந்த இடத்தை நிரப்புகிறது. பறிப்பதும் நிரப்புவதும் இடைவிடாது நடப்பதால் உலோகமும் ஆக்ஸைடும் சந்திக்கும் இடம் நிலையிழக்கிறது. தாங்கி கரைந்து, மறுபடி உருவாகி, துகளை நகர்த்துகிறது.

தோழியரே, இதைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரே ஒரு வாயு இருந்தபோது அசையாமல் இருந்த துகள், வேலை வந்தவுடன் எவ்வளவு மாறுகிறது! வேலைக்கு முன்னும் பின்னும் மட்டும் பார்த்திருந்தால் ஏடு மூடிய துகளைத்தான் கண்டிருப்போம். "இது மாறாத பொருள்" என்று எழுதியிருப்போம்.

தாமரை இலையும் செங்கல்லும்

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு தாமரை இலையின்மேலும், ஒரு காய்ந்த செங்கல்லின்மேலும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இலைமேல் விட்ட துளிகள் உருண்டு ஓடி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். செங்கல்மேல் விட்டவை உள்ளே உறிஞ்சப்பட்டுக் காணாமற் போகும்.

உலோகத் துகள் தாமரை இலைத் தண்ணீர்போல் பற்றில்லாமல் இருந்தால் அது ஓடிப் பருத்துவிடும். செங்கல்லில் விட்ட தண்ணீர்போல் தாங்கி அதை விழுங்கிவிட்டாலும் வேலை நடவாது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவான பற்றே தேவை. அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் வினையூக்கி விஞ்ஞானிகளின் பெரும்பாடு.

இதில் ஒரு வெற்றியும் உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அலுமினியம் ஆக்ஸைடின்மேல் இருந்த பிளாட்டினத்தைச் சீரியம் ஆக்ஸைடு பொடியோடு கலந்து, காற்றில் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினர். இவ்வளவு சூட்டில் பிளாட்டினம் சேர்ந்து பருக்க வேண்டும். ஆனால் துகளை விட்டுக் கிளம்பிய பிளாட்டின அணுக்களைச் சீரியம் ஆக்ஸைடு தன் பரப்பில் ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டது! சூட்டைக் கண்டு அஞ்சிய இடத்தில் சூட்டையே துணையாகக் கொண்டனர். எனினும் மிக இறுகப் பிடிபட்ட அணு சுறுசுறுப்புக் குறைந்திருப்பதும் உண்டு. ஆகவே ஆராய்ச்சி இன்னும் தொடர்கிறது.

மாமாவின் பெட்டிக்கு விடை

ஒரு கன்வெர்ட்டர் சாவதற்குப் பொதுவான காரணங்கள் இரண்டு. முதலாவது வெப்பம். எஞ்சின் சரியாக எரிக்காமல் பெட்ரோல் பெட்டிக்குள் வந்து எரிந்தால் சூடு அளவு கடந்து ஏறும். துகள்கள் சேர்ந்து பருக்கும். தாங்கியின் நுண்துளைகளும் சுருங்கி அடைபட்டு, உலோகம் உள்ளே புதையும். இரண்டாவது நஞ்சு. எஞ்சின் எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ், எரிபொருளிலுள்ள கந்தகம் முதலியன பரப்பில் படிந்து இருக்கைகளைப் பிடித்துக்கொள்ளும். ஈயம் இவற்றினும் கொடியது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயம் கலவாத பெட்ரோலே நாடு முழுவதும் வழங்கப்பட்டதற்கு, மனிதர்களுக்கு ஈயம் செய்யும் தீங்கோடு, இப்பெட்டியைக் காப்பதும் ஒரு காரணம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் எஞ்சின் பக்கம் திரும்பி, "அந்த வண்டியில ஒரு பிளக் ரொம்ப நாளா சரியா அடிக்கல. எரியாத பெட்ரோல் எல்லாம் அங்கே போய்த்தான் எரிஞ்சிருக்கு. பிளக்கை மாத்தாம புதுப் பெட்டி போட்டா அதுவும் செத்துடும்" என்றார். வண்டிக்காரருக்கு உடனே டெலிபோன் செய்து பிளக்கையும் மாற்றச் சொன்னார். என் கேள்வியால் ஒரு கன்வெர்ட்டராவது பிழைத்தது என்பதில் எனக்குச் சிறிது பெருமைதான்!

நினைவிற் கொள்க

1. வினையூக்கியின் எடையும் வேதி இயைபும் வினை முடிவில் முன்போலவே இருக்கும். ஆனால் வினை நடக்கும்போது அதன் பரப்பு இடைவிடாது மாறிக்கொண்டிருக்கிறது.

2. வேலை நடப்பது பரப்பில். எனவே உலோகத்தை நுண்துகள்களாக்கி, ஆக்ஸைடுத் தாங்கியின்மேல் அமைக்கிறார்கள்.

3. தாங்கி துகள்களைப் பிரித்து வைக்கிறது. சில நிலைகளில் அவற்றை மூடுகிறது. விளிம்பில் வினைக்கு உதவுகிறது. ஆக்ஸிஜனைச் சேமித்துத் தருகிறது.

4. சுற்றியுள்ள வாயு மாறினால் உலோகமும் தாங்கியும் பழகும் முறையும் மாறும்.

5. வெப்பமும் நஞ்சும் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும்.

கட்டுரையை முடித்து ஆசிரியையிடம் கொடுத்தபோது நான் கேட்டேன்: "மிஸ், அப்படியானால் தேர்வில் என்ன எழுதுவது?"

அவர்கள் சொன்ன பதில்: "புத்தகத்தில் உள்ளதையே எழுது. ஆனால் 'எவ்வித மாற்றமும்' என்று எழுதாதே. 'வினை முடிவில் தன் எடையிலும் வேதி இயைபிலும் மாற்றம் அடையாமல்' என்று எழுது. அது முழு உண்மை. இரண்டு மதிப்பெண்ணும் கிடைக்கும்."

அரையாண்டுத் தேர்வில் அப்படியே எழுதினேன், கிடைத்தது. கீழ் வகுப்புத் தங்கைகளே, நீங்களும் மனப்பாடம் செய்யுங்கள், தவறில்லை. ஆனால் மனப்பாடம் செய்த வரிக்கு மாறாக வீட்டிலோ கடையிலோ ஒர்க்ஷாப்பிலோ ஏதேனும் ஒன்றைக் கண்டால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். மறுநாளே வந்து உங்கள் ஆசிரியையிடம் கேளுங்கள்.